அந்த இரண்டும் சோடியா?

கேள்வி: போன மாதம் பாசிக்குடாவுக்கு அப்பால் எங்கள் படகுக்கு முன்னால் ஆறு டொல்பின்கள் வந்தன. அவற்றில் இரண்டு மட்டும் பிரியவே இல்லை. ஒன்றாக எழும்பி, ஒன்றாக மூச்சுவிட்டு, ஒன்றாகவே தாழ்ந்தன. இரண்டும் ஒரே பருமன். "புருஷனும் பெண்சாதியும்" என்கிறார் என் கணவர். சரியா?
- வாசகி, கல்குடா

பதில்: அவர் கோபிக்கக் கூடாது, மகள். அவை போத்தல்மூக்கு வகை என்றால், பெரும்பாலும் இரண்டும் ஆண்கள்.

டொல்பின்களிடம் புருஷன் பெண்சாதி என்ற ஏற்பாடே கிடையாது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஷார்க் வளைகுடாவில் 1980களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் இவற்றைப் பார்த்து வருகிறார்கள். முதுகுச் செட்டையின் ஓரத்திலுள்ள வெட்டும் தழும்பும்தான் அடையாளம். புதிய வகுப்பில் பையன்களின் பெயர் மனதில் பதியும் வரை, கிழிந்த சட்டைப் பையை வைத்து நான் ஆள் கண்டுபிடித்ததைப் போல. அங்கே வளர்ந்த ஆண்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து திரிகின்றன. ஒரு பெண்ணை மறித்து வைத்திருக்கத் தனி ஒருவனால் முடியாது, கூட்டாளி வேண்டும். அந்தக் கூட்டாளிகளுக்கும் கூட்டாளிகள் உண்டு: 4 முதல் 14 ஆண்கள் வரை கொண்ட அணி. மற்ற அணி பெண்ணைப் பறிக்க வந்தால் இந்த அணி உதவிக்கு ஓடி வரும். ஒரே நேரத்தில் எழும்பி மூச்சுவிடுவது அந்த உறவின் அடையாளம். செட்டையால் செட்டையைத் தடவிக் கொள்வதும் உண்டு. அடுத்த முறை அதையும் பாருங்கள்.

மற்ற நான்கையும் ஒரே குடும்பம் என்று எண்ண வேண்டாம். கூட்டம் மணிக்கு மணி மாறும். அந்த ஆண் கூட்டாளிகளைத் தவிர, மாறாதது தாயும் குட்டியும்தான். மூன்று நான்கு வருடமாவது சேர்ந்தே இருக்கும். தகப்பன் எட்டியும் பார்ப்பதில்லை. அதே வளைகுடாவில் சில பெண் டொல்பின்கள் கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொண்டு அடித்தரையைக் கிளறி மீன் பிடிக்கின்றன. மூக்கு கீறாமல் இருக்கத்தான். இந்த வித்தை தாயிடமிருந்து பெரும்பாலும் மகளுக்கே போகிறது. தாய்வழிக் குடி எண்ணும் நமக்கு இது புதினமா? என் பெத்தா மீன் ஆணத்தின் பக்குவத்தை அம்மாவுக்கு மட்டும்தான் காட்டினார்; மாமாவுக்குத் தின்னத்தான் தெரியும். ஒரு வித்தியாசம், நம் மாப்பிள்ளைமார் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஆண்களும் பிறந்த நீரைவிட்டு அதிக தூரம் போவதில்லை.

கேள்வி: கல்லடிப் பாலத்தடியில் பாடுவது டொல்பினா, சேர்?
- மாணவன், காத்தான்குடி

பதில்: இல்லை. பௌர்ணமி இரவில், தோணியில் இருந்தபடி, துடுப்பின் நுனியில் காதை வைத்துக் கேட்டவன் நான். பாடும் மீன் என்று மட்டக்களப்பில் சொல்லும் அது வேறு ஒலி. டொல்பின் விசிலடிக்கும். குட்டிப் பருவத்திலேயே ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விசிலை உண்டாக்கிக்கொள்ளும். பெயர் என்றே சொல்லலாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கடலோரத்தில், ஒரு டொல்பினின் விசிலைப் போலச் செய்து கடலுக்குள் ஒலிக்கவிட்டார்கள். பெயருக்குரியது பதில் விசில் கொடுத்தது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், வளர்ப்பிலிருந்த ஒரு டொல்பின், இருபது வருடங்களுக்கு முன்பு கூட இருந்ததன் விசிலை அடையாளம் கண்டுகொண்டது. போன கிழமை சந்தையில் என்னைக் கட்டிப்பிடித்த பழைய மாணவரின் பெயர் எனக்கு இன்னும் வரவில்லை.

கேள்வி: டொல்பின் வலையில் பட்டால் என்ன செய்வது?
- மீனவர், திருக்கோவில்

பதில்: வலையை வெட்டிவிடுங்கள், தம்பி. வலை போனால் நட்டம்தான், தெரியும். ஆனால் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர், கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு. தவிர, மூச்சுக்கு மேலே வர முடியாவிட்டால் அது மூழ்கியே செத்துவிடும், ஆறுதலாக யோசிக்க நேரமில்லை. வெட்டுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்துங்கள். அகப்பட்டதன் கூட்டாளி படகுக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கலாம்.