ஹட்டனில் குடும்பத்துக்குப் புது மரக்கறி எப்படிப் பார்த்து வாங்குவது?

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குக் குடிவந்திருக்கிறோம், வீட்டில் ஐந்து பேர், அந்தந்தக் காலத்தில் இங்கேயே விளைவதை வாங்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், டவுன் கடையில் கிடப்பதெல்லாம் மலையில் விளைந்தது என்று நம்பிவிடாதீர்கள். வெண்டிக்காய், முருங்கைக்காய், பூசணி எல்லாம் கீழிருந்து லொறி ஏறி வருபவை, அதில் நிறைய தம்புள்ளை மொத்தச் சந்தை வழியாக. கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், நோக்கோல், போஞ்சி, உருளைக்கிழங்கு, இவைதான் நம்ம பக்கத்துப் பயிர்.

காலம் பார்ப்பதென்றால் மழையைப் பாருங்கள். மே கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தால் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் நனைந்து கிடக்கும். கோவா உள்ளுக்குள்ளேயே அழுகியிருக்கும், போஞ்சியில் புள்ளி விழும். அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம், வெலிமடையிலும் பண்டாரவளையிலும் நல்ல வெயில். அதனால் அந்த மாதங்களில் "அண்ணே, வெலிமடை சரக்கு இருக்கா?" என்று கேட்டு வாங்குவேன். டிசம்பரில் வடகீழ் மழை வெலிமடை இருக்கிற ஊவாப் பக்கம் இறங்கும்போது நுவரெலியா, கந்தப்பளைச் சரக்குக்கு மாறிவிடலாம். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் அங்கே பனி கொட்டினால் உருளைக்கிழங்குச் செடி கருகிப்போகும். வருடக் கடைசியில் விலையும் வழக்கமாக ஏறித்தான் இருக்கும். கீழ்நாட்டில் மாரி மழைக்குப் போடும் பெரும்போக அறுவடை வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடலாம்.

புதுசா பழசா என்று காட்டிக்கொடுப்பது இலைதான். தூரத்துக்குப் போகிற பீட்ரூட்டிலும் நோக்கோலிலும் இலையை வெட்டிவிடுவார்கள். இலையோடு நிமிர்ந்து நின்றால் நேற்றோ இன்றோ பிடுங்கியது. காசு கொடுத்து வாங்கிய இலையை ஏன் வீசுவது? தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் இன்னொரு கறி ஆச்சு. நோக்கோல் பெரிதாக இருந்தால் நார்தான், கைப்பிடி அளவே போதும். லீக்ஸை நீளவாக்கில் கீறிக் கழுவுங்கள், மடிப்புக்குள் மண் ஒளிந்திருக்கும். உருளைக்கிழங்கில் மட்டும் மண்ணை நம்பாதீர்கள். இறக்குமதிக் கிழங்குக்குச் செம்மண் பூசி விற்கிற கதையும் உண்டு.

எங்கே வாங்குவது? வாரச்சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பத்தாம் திகதி தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் போடுவார்கள், அதற்கு அடுத்த சந்தையில் கூட்டமும் அதிகம், விலையும் அசையாது. அந்த வாரம் சாமான் கொஞ்சமாக வாங்கினால் போதும்.

கீரை வகையை நான் சந்தையில் வாங்குவதேயில்லை. தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் போட்டிருக்கிறவர்களிடம் சொல்லிவைத்தால் வல்லாரை, பொன்னாங்காணி, சௌசௌக் கொழுந்து எல்லாம் பறித்துத் தருவார்கள். பூச்சி மருந்து அடித்தார்களா, எப்போது அடித்தார்கள் என்றும் நேரே கேட்கலாம். எங்களுக்குத் தருகிற அக்கா, "நேத்துதான் அடிச்சோம், அடுத்த கிழமை வாங்கம்மா" என்று வெறுங்கையோடு அனுப்பியதும் உண்டு. அதற்காகவே அவரிடம் போகிறேன்.