மூன்றாவது ஆள் வந்ததும் நின்றுபோகும் படம்

கேள்வி: டியூஷன் சென்டர் நடத்துகிறேன் சார். பழைய டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் ஓர் உபுண்டு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) அமைத்து, வீடியோ கூட்டம் நடத்தும் ஜிட்சி மீட் மென்பொருளைக் கையாலேயே நிறுவினேன். நானும் என் மனைவியும் பேசிப் பார்த்தபோது படமும் குரலும் அருமையாக வந்தன. ஒரு மாணவனைச் சேர்த்ததும் மூன்று பேருக்குமே எல்லாம் நின்றுவிட்டது. அவன் வெளியே போனால் மறுபடி சரியாகிறது. கேமரா, ஹெட்செட், பிரவுசர் எல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. தப்பு எங்கே?
— டியூஷன் ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: பையன் மேல் தப்பில்லை, முதலில் அவனைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

ஜிட்சியில் இரண்டே பேர் இருக்கும்போது படமும் குரலும் பொதுவாகச் சர்வர் வழியாகப் போவதில்லை. இரண்டு பிரவுசர்களும் நேரடியாகவே பேசிக்கொள்கின்றன, சர்வர் அறிமுகம் செய்துவைத்ததோடு சரி. மூன்றாவது ஆள் வந்த நொடியில்தான் வீடியோபிரிட்ஜ் என்ற பகுதிக்கு வேலை வருகிறது; எல்லாருடைய படமும் அங்கே போய், அங்கிருந்துதான் மற்றவர்களுக்குப் பிரிய வேண்டும். உங்கள் பிரிட்ஜ் முதல் நாளிலிருந்தே யாருக்கும் எட்டவில்லை, இரண்டு பேரை வைத்துச் செய்த சோதனையில் அது தெரியாமல் போய்விட்டது. நான் யாருக்கு நிறுவிக் கொடுத்தாலும் மூன்று கருவி வைத்துத்தான் சோதிப்பேன், அதில் ஒரு போனாவது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இருக்க வேண்டும்.

ஏன் எட்டவில்லை என்பதற்கு, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பக்கத்தைக் காட்டுவது என்ஜின்எக்ஸ். செய்திகளை இங்கும் அங்கும் கொண்டுபோவது புரோசடி. யார் எந்த பிரிட்ஜில் சேர வேண்டும் என்று முடிவு செய்வது ஜிகோஃபோ. படத்தையும் குரலையும் சுமப்பது வீடியோபிரிட்ஜ். முதல் மூன்றின் வேலையும் பிரவுசருக்கு 443 டிசிபி போர்ட் வழியாகவே முடிந்துவிடுகிறது (போர்ட் என்பது மெஷினில் எண் போட்ட வாசல்; டிசிபி, யுடிபி இரண்டும் தகவல் அனுப்பும் இரு வேறு முறைகள்), அதனால் பக்கம் திறக்கும், பெயர்கள் தெரியும், சாட் கூட வேலை செய்யும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். பிரிட்ஜ் மட்டும் 10000 யுடிபி போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக ஒரு மெஷின் அமைத்தால், நீங்கள் எதையும் தொடாதவரை, அதன் நெட்வொர்க் நாட் முறையில்தான் இருக்கும், அதாவது உங்கள் கணினியின் முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உள்ளே போய் ஐபி முகவரியைப் பாருங்கள், பெரும்பாலும் 10.0.2.15 என்று காட்டும். அது உங்கள் கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. பிரிட்ஜ் அந்த முகவரியைத்தான் மாணவனின் போனுக்குக் கொடுக்கிறது, ஊர் பேர் எதுவும் இல்லாமல் ‘மாடி வீடு’ என்று மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்ட மாதிரி.

மெஷினை நிறுத்திவிட்டு நெட்வொர்க்கை பிரிட்ஜ்டு அடாப்டர் என்று மாற்றுங்கள் (இந்த பிரிட்ஜும் வீடியோபிரிட்ஜும் வேறு வேறு, பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்). இனி உங்கள் ரவுட்டரே விர்ச்சுவல் மெஷினுக்கு 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தரும், வீட்டில் இன்னொரு கணினி இருப்பது போல. அந்த முகவரி மாறாதபடி ரவுட்டரிலேயே கட்டிவையுங்கள். அப்புறம் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து இந்த போர்ட்டுகளுக்கு வருவதை மெஷினுக்குத் திருப்பிவிடும்படி ரவுட்டரில் சொல்வது: 80, 443 டிசிபி, 10000 யுடிபி. டிசிபி, யுடிபி என்ற எழுத்தை இரண்டு தடவை படியுங்கள். நான் ஒருமுறை 10000-ஐ டிசிபியில் திறந்துவைத்துவிட்டு, எல்லாம் திறந்துதானே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, வீடியோபிரிட்ஜ் ஓடும் ஜாவாவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, வீடியோபிரிட்ஜின் அமைப்புக் கோப்பில் அதன் உள் முகவரி இது, வெளியுலகம் பார்க்கும் பொது முகவரி இது என்று ஜோடியாக எழுதிவிட வேண்டும். இப்போதைய பதிப்புகள் பொது முகவரியைத் தாமாகவே விசாரித்துத் தெரிந்துகொள்ளப் பார்க்கும்தான், ஆனாலும் நிலையான முகவரி கையில் இருந்தால் எழுதிவைத்துவிடுவதே நல்லது.

எழுதியும் வரவில்லையா? ரவுட்டரின் பக்கத்தில் இணைய முகவரி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஓர் எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் இது சகஜம். அங்கே நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) உள்ளே வராது. நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் கிளவுடில் ஒரு மெஷினை வாடகைக்கு எடுக்க வேண்டும். கிளவுடிலும் இதே கதை கொஞ்சம் உண்டு. அமேசான் மாதிரி இடங்களில் மெஷினுக்குத் தன் உள் முகவரி மட்டும்தான் தெரியும், பொது முகவரி வெளியே ஒட்டப்பட்டிருக்கும், ஆகவே அந்த ஜோடியை அங்கேயும் எழுத வேண்டும், அவர்களுடைய ஃபயர்வாலில் 10000 யுடிபியைத் தனியாகத் திறக்கவும் வேண்டும்.

எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். விர்ச்சுவல் மெஷினுக்குள், வந்துபோகும் பாக்கெட்டுகளை வரி வரியாகக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு 10000 யுடிபியை மட்டும் கவனித்துக்கொண்டே, மூன்றாவது போனை மொபைல் டேட்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஒரு வரியும் வரவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் மெஷினுக்கு வெளியே, இல்லாவிட்டால் அந்த முகவரி ஜோடியில். வரிகள் உள்ளே வருகின்றன, ஆனால் படம் மட்டும் இல்லை என்றால் ரவுட்டர் வேலையை முடித்துவிட்டது, உபுண்டுவின் சொந்த ஃபயர்வாலையும் அந்த முகவரி ஜோடியையும் பாருங்கள்.

கேள்வி: அலுவலக லேனுக்குள் (உள் நெட்வொர்க்) மட்டும் ஜிட்சி போதும் என்று டொமைன் பெயர் வாங்கவில்லை. ஐபி முகவரியைத் தட்டித் திறக்கிறோம். சிலருக்குக் கேமரா வருகிறது, மொபைல் ஆப்பில் சுத்தமாக வரவில்லை.
— வாசகர், ஓசூர்

பதில்: வெளியே போகாவிட்டாலும் ஒரு பெயர் வாங்கிவிடுங்கள். எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்குப் பிரவுசர் கேமராவையோ மைக்கையோ தராது. எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழ், நிறுவும்போது தானே உருவாக்கிக்கொண்டது என்றால் பிரவுசரில் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகலாம், மொபைல் ஆப் அதை ஏற்காது. எல்லாரும் ஏற்கும் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகத் தருகிறது, அதன் வழக்கமான முறையில் சரிபார்ப்புக்கு 80 போர்ட் வெளியிலிருந்து எட்ட வேண்டும், உங்களைப் போல் உள்ளேயே இருப்பவர்கள் டிஎன்எஸ் (டொமைன் பெயரின் பதிவு) வழியாகச் சரிபார்க்கலாம். ஒரு விஷயம், பெயரை நிறுவுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நிறுவும்போது கேட்கிற அந்தப் பெயர் பல அமைப்புக் கோப்புகளுக்குள்ளும், சில கோப்புகளின் பெயரிலுமே போய் உட்கார்ந்துவிடும். பிறகு மாற்ற நினைத்தால், அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் சீக்கிரம் முடியும்.

கேள்வி: எங்கள் சர்வரில் 32 கோர் இருக்கிறது. ஜிட்சி மெஷினுக்கு 8 கோர், 16 ஜிபி ராம் கொடுத்தும் படம் திக்குகிறது. இன்னும் எவ்வளவுதான் கொடுப்பது?
— கல்லூரி லேப் பொறுப்பாளர், சேலம்

பதில்: கோரை விடுங்கள், உங்கள் அப்லோடு எவ்வளவு? வீடியோபிரிட்ஜ் படங்களைக் கலந்து புதுப்படம் செய்வதில்லை, வந்த பாக்கெட்டை அப்படியே பலருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதனால் சிபியுவை விட லைன்தான் முதலில் மூச்சுத் திணறும். ஆசிரியர் ஒருவர் மட்டும் கேமரா போட்டு, அது நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும், வெளியே 40 மாணவர்கள் பார்த்தால் சர்வரிலிருந்து 80 மெகாபிட் கிளம்ப வேண்டும். எல்லாரும் கேமரா போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். மாணவர்களின் கேமராவைத் தொடக்கத்திலேயே அணைத்துவைக்க அமைப்பில் வழியிருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

லைன் சரியாக இருந்தும் திக்கினால் மெஷினுக்குள் டாப் கட்டளையை ஓட்டி, எஸ்டி (st) என்ற எண்ணைக் கவனியுங்கள். சிபியு கேட்டும் ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்களைச் சுமக்கும் சர்வர்) தராமல் காக்க வைத்த நேரம் அது. வழக்கமாக அது பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரே ஹோஸ்டில் பத்து மெஷினுக்கு ஆளுக்கு 8 கோர் என்று அள்ளிக் கொடுத்துவிட்டால், காகிதத்தில் எல்லாரிடமும் இருக்கும், வகுப்பு நேரத்தில் யாரிடமும் இருக்காது. வீடியோவுக்கு இந்தக் காத்திருப்பு ஆகவே ஆகாது, கோப்பு சர்வர் என்றால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். 4 கோரை இந்த மெஷினுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தாலே இந்த மாதிரி வகுப்புக்குப் போதும், ராம் 8 ஜிபி. நெட்வொர்க் கார்டு வகை, விர்ச்சுவல் மெஷினுக்கென்றே செய்த விர்ட்ஐஓ-வா என்றும் பார்த்துவிடுங்கள், பழைய கார்டைப் போலி செய்யும் வகையில் விட்டிருந்தால் சிபியு வீணாகப் போகும்.

கேள்வி: வகுப்பைப் பதிவு செய்ய ஜிப்ரி போட்டேன். ஒலிக் கருவி இல்லை என்று பிழை வருகிறது. விர்ச்சுவல் மெஷினுக்கு எதற்கு சார் ஸவுண்டு கார்டு?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: நியாயமான கேள்வி. ஜிப்ரி பதிவு செய்கிற விதம் கொஞ்சம் வேடிக்கையானது, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையில் குரோம் பிரவுசரைத் திறந்து, உங்கள் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சேர்ந்து, அந்தத் திரையை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் மூலம் படம் பிடிக்கிறது. அந்தக் குரோம் பேசுவதைக் கேட்க ஒரு போலி ஒலிக் கருவி வேண்டும், லினக்ஸ் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) ஆல்சா லூப்பேக் மாட்யூல்தான் அது. கிளவுடுக்கென்று மெலியவைத்த கர்னலில் பெரும்பாலும் அந்த மாட்யூல் இருக்காது. வழக்கமான ஜெனரிக் கர்னலை நிறுவி, அதில் பூட் ஆகிறதா என்று உறுதி செய்துகொண்டு மறுபடி பாருங்கள்.

ஜிப்ரியை ஜிட்சியோடு ஒரே மெஷினில் வைக்காதீர்கள். ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தைத்தான் பதிவு செய்யும், அந்த ஒன்றுக்கே சிபியுவை நன்றாகத் தின்னும், பக்கத்தில் பிரிட்ஜ் இருந்தால் பதிவு பொத்தானை அழுத்தியதும் வகுப்பே தடுமாறும். தனி மெஷின், இரண்டு வகுப்பு ஒன்றாக என்றால் இரண்டு மெஷின்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஜிட்சியின் இலவசத் தளத்தையே பயன்படுத்தக் கூடாதா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. மாதம் ஒரு சங்கக் கூட்டம் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். 2023 ஆகஸ்ட் முதல் அங்கே அறையைத் தொடங்குகிறவர் கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் மாதிரி ஏதாவது ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் சொந்த சர்வரை நிறுவியபடியே விட்டால் அதில் அந்தப் பூட்டு கூட இல்லை, முகவரி தெரிந்த எவரும் வந்து அறை தொடங்கலாம். புரோசடியில் பயனர் கணக்கு கேட்கும்படி மாற்றி, விருந்தினருக்குத் தனி வாசல் வைத்து, ஜிகோஃபோவுக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மாற்றத் தொடங்கும் முன் மெஷினை ஒரு ஸ்னாப்ஷாட் (திரும்பிப் போக வசதியாக, அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். புரோசடியின் கோப்பில் ஒரு காற்புள்ளி தவறினாலும் அது எழுந்திருக்காது.