மகளுக்கு கம்பஸ் செலவ எப்பிடி சொல்லுறது?

கேள்வி: வணக்கம் சேர். நாங்க கொட்டாஞ்சேனை. நான் புறக்கோட்டையில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு பாக்கிறன், கைக்கு 135,000 மாதிரி வரும். மகள் ஏ.எல் மெத்ஸ் எழுதிட்டு ரிசல்ட்ஸ பாத்துக்கொண்டு இருக்கிறா. கூட்டாளிமார் பிரைவேட்ல யுகே டிகிரி செய்யப் போறாங்களாம், தானும் அதுதான் எண்டு ஒரே பிடி. போய் விசாரிச்சம், 24 லட்சம் ரூபா, அதோட தனியா 3,000 பவுண்ட்ஸ். எங்களிட்ட இருக்கிறது 9 லட்சம் எப்.டி, மனுசின்ர நகை, ஒரு சீட்டு. மகாபொல ஸ்கொலர்ஷிப் எடுக்கலாம் லோன் எடுக்கலாம் எண்டு ஆளுக்கொரு கதை சொல்லுறாங்க. இதெல்லாம் பிள்ளைக்கு சொல்லி மனச நோகடிக்கோணுமா, இல்ல நாங்களே எப்பிடியாவது சமாளிக்கிறதா?

பதில்: சொல்லுங்கோ அண்ணா, அதுவும் ரிசல்ட்ஸ் வர முந்தியே. வந்த பிறகு சொன்னா பிள்ளைக்கு அது காசுக் கணக்கா விளங்காது, எனக்கு மார்க்ஸ் குறைஞ்சதாலதான் அப்பா பின்னடிக்கிறார் எண்டு நினைப்பா. நான் பேங்க்ல இருந்த காலத்தில எத்தினையோ தாய்மார் பிள்ளைக்கு தெரியாம வளையல் கொண்டுவந்து அடகு வைச்சிருக்கினம், அந்தப் பிள்ளை அதே மாசம் புது போன் கேட்டிருக்கும், பிள்ளையில பிழையில்ல, வீட்டில ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

ஒரு கொப்பிய எடுத்து மகளிட்டயே குடுங்கோ. மெத்ஸ் படிச்ச பிள்ளை, அவவே போடட்டும்.

முதல்ல பிரைவேட் கணக்கு. பவுண்ட் 400 ரூபா எண்டு வைச்சா 3,000 பவுண்ட்ஸ் 12 லட்சம், எல்லாமா 36. எப்.டி 9 போக 27 லட்சம், மூண்டு வருசத்துக்கு பிரிச்சா மாசம் 75,000. உங்கட சம்பளத்தில பாதிக்கு மேல, பஸ்ஸும் சாப்பாடும் இன்னும் போடேல்ல! இந்தப் பிரித்தல அவ கையால போடுறதும் நீங்க வாயால சொல்லுறதும் ஒண்டில்ல. அடுத்தது பவுண்ட் 500 ஆனா என்ன எண்டு கேளுங்கோ, அந்த 12 லட்சம் 15 ஆகுது. 2022ல டொலர் 200 சொச்சத்தில இருந்து ரெண்டு மூண்டு மாசத்தில 360க்கு போனது அவவுக்கும் ஞாபகம் இருக்கும், பெற்றோல் கியூவில நிண்ட காலம்தானே. ஃபீஸ்ல ஒரு பங்கு வெளிநாட்டுக் காசில இருந்தா அந்த ஆபத்து உங்கட தலையிலதான், இன்ஸ்டிடியூட்டின்ர தலையில இல்ல.

இனி மகாபொல. அது அரச கம்பஸுக்கு தெரிவாகிற பிள்ளையளுக்கு, பிரைவேட்டுக்கு போனா அந்தக் கதையே வேண்டாம். 2025 பட்ஜெட்ல மாசம் 5,000 இருந்தத 7,500 ஆக்கினாங்க. அது கிடைக்காட்டி பர்சரி எண்ட மாதாந்த உதவிப்பணம் இருக்கு, அது 4,000ல இருந்து 6,500 ஆனது, ரெண்டும் சேர்த்து எடுக்க ஏலாது. வீட்டு வருமானத்தயும் பாப்பாங்க, அதால சம்பளக் கடிதம், கிராம சேவகர் அத்தாட்சி எல்லாத்தயும் இப்பவே ஒரு ஃபைல்ல போட்டு வையுங்கோ.

அரச கம்பஸ்ல ஃபீஸ் இல்லைத்தான், ஆனா இலவசம் எண்டா சும்மா எண்டு அர்த்தமில்ல. கொட்டாஞ்சேனையில இருந்து மொரட்டுவை கம்பஸுக்கு போய்வர பஸ், மத்தியானச் சாப்பாடு, டேட்டா எல்லாத்துக்கும் ஒரு நாளைக்கு 600 எண்டு பாத்தாலும் 22 நாளைக்கு 13,200. மாசம் 7,500 எண்டா மகாபொல அதில பாதிக்கு கொஞ்சம் மேலதான் தாங்கும். இன்னொண்டு, அரச கம்பஸ் இடங்கள இசட் ஸ்கோர் எண்ட ஏ.எல் புள்ளிய வைச்சுத்தான் குடுக்கிறது, அதில 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்டம், கொழும்பு மாவட்டத்தில போட்டி கூட, அதால பேராதனை, ருகுணு, இல்லாட்டி கிளிநொச்சியில இருக்கிற யாழ் இன்ஜினியரிங் ஃபக்கல்ட்டி கிடைக்கலாம். அப்ப ஹொஸ்டல், போர்டிங் எண்டு வேற கணக்கு. அந்த ஊர் போர்டிங் வாடகைய அவவே நாலு பேரிட்ட போன் பண்ணிக் கேக்கட்டும்.

லோன் கதைக்கு வாறன். அரசாங்கம் 2017ல துவங்கின வட்டியில்லாக் கடன் ஒண்டு இருக்கு, ஏ.எல் பாஸ் பண்ணியும் அரச கம்பஸ் கிடைக்காத பிள்ளையளுக்கு. வட்டிய அரசாங்கம் கட்டும், முதல பிள்ளை படிச்சு முடிச்ச பிறகு கட்டுறது. நல்ல திட்டம்தான், ஆனா அமைச்சு அங்கீகரிச்ச இங்கத்தை டிகிரிகள் லிஸ்ட்ல இருக்கிறதுக்கு மட்டும்தான். மகள் கேக்கிற யுகே டிகிரிய அந்தக் கணக்கில போடாதீங்க. உங்கட சம்பளத்தில வெட்டிச் சேர்க்கிற இ.பி.எப் சேமலாப நிதியில 30 வீதம் எடுக்கலாம் எண்டு கடையில யாராவது சொல்லுவாங்க, அது வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும்தான், படிப்புக்கு இல்ல.

ஐ.டிதான் ஆசை எண்டா கொழும்பு யூனிவர்சிட்டின்ர பி.ஐ.டி எண்ட ஐ.டி வெளிவாரி டிகிரியயும் நாவல ஓப்பின் யூனிவர்சிட்டியயும் கொப்பியில ஒரு பக்கம் போட வையுங்கோ. மொத்தமா 36 லட்சத்துக்கு தலைய குடுக்காம வருசம் வருசமா கட்டிப் படிக்கலாம், பி.ஐ.டியில முதல் வருசம் முடிச்சாலே ஒரு டிப்ளோமா கைல வரும். கூட்டாளிமார் போற இடம் மாதிரி கண்ணாடிக் கட்டிடம் இருக்காது, அதையும் ஒளிக்காம சொல்லுங்கோ.

கடைசியா உங்கட பக்கத்துக்கு ஒரு தொகைய எழுதுங்கோ, எங்களால மாசம் இவ்வளவுதான் எண்டு. 30,000 எண்டா 30,000, பிறகு பாப்பம் எண்டு எழுதாதீங்க. நகை அந்தப் பக்கத்துக்கு வரவே கூடாது. சீட்டு எப்ப விழும், எவ்வளவு எண்டு எனக்கு நீங்க எழுதேல்ல, மகளுக்கு முன்னால அதையும் மறைக்காம போடுங்கோ.