ஊசி போட்டவர் டொக்டர்தானா?

கேள்வி: ஆவணியில் எங்கள் ஜேர்சிக் கலப்புப் பசு கண்டு போட்ட மறுநாள் எழும்பாமல் கிடந்தது. ஊரில் எல்லாரும் 'மாட்டு டொக்டர்' என்று சொல்லும் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்து நரம்பில் மருந்து ஏற்றினார். அரைமணித்தியாலத்துக்குள் மாடு செத்துவிட்டது. அன்றைக்கே வளவுக்குள் தாட்டுவிட்டோம். அவர் படித்த டொக்டரே இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். மிருகவதைச் சட்டத்தில் வழக்குப் போடச் சொல்கிறார் அயலவர். முறைப்பாடு செய்யமாட்டேன் என்று எழுதித் தந்தால் 60,000 ரூபாய் தருவதாக ஊசி போட்டவர் ஆள் விட்டிருக்கிறார். கால்நடை வைத்தியச் சபைக்கு எழுதினால் நட்டஈடு எடுத்துத் தருமா? (புத்தூர் வாசகி)

பதில்: எடுத்துத் தராது, அம்மா. ஆனாலும் முதல் கடிதம் அங்கேதான் போகவேண்டும்.

1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது அந்தச் சபை. நாட்டில் கால்நடை வைத்தியம் செய்யத் தகுதி உள்ளவர்களின் பெயர்ப் பதிவேடு அதன் கையில் இருக்கிறது. பதிந்தவர் தொழிலில் பிழைவிட்டால் விசாரிக்கும், பெயரை வெட்டவும் முடியும். காசு விஷயம் நீதிமன்றத்தின் வேலை.

ஆகவே 'இன்ன பெயருடைய, இன்ன ஊரில் தொழில் செய்யும் இவர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறாரா?' என்று பேராதனையில் இருக்கும் சபையின் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் அரசியலமைப்பு உரிமை. அந்த ஒரு பதிலில்தான் மற்ற எல்லாம் தங்கியிருக்கிறது.

பதிவில் இருக்கிறார் என்று வந்தால், நடந்ததைத் திகதி, நேரத்தோடு சத்தியக் கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் முன் கையொப்பமிட்டு, முறைப்பாட்டோடு சேர்த்து அனுப்புங்கள். மாடு செத்தது மட்டும் கவனயீனத்துக்குச் சாட்சி ஆகாது. கண்டு போட்ட கையோடு பசு விழுந்தால் பெரும்பாலும் கல்சியக் குறைவு, எங்கள் ஆட்கள் 'பால் காய்ச்சல்' என்பது. கல்சியத்தை நரம்பில் ஏற்றுவதே அதற்கு வைத்தியம். ஆனால் மெல்ல மெல்ல, இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். சரியாகச் செய்தும் தப்பாத மாடுகள் உண்டு. மாட்டைப் பரிசோதித்தாரா, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் ஏற்றினார் என்பதுதான் சபையின் கேள்வியாக இருக்கும். இதற்கெல்லாம் அரச கால்நடை வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை பெரிய துணையாக இருந்திருக்கும். தாட்டது தாட்டதுதான், அதை நினைத்து இனிப் பயனில்லை.

பதிவில் இல்லை என்று வந்தால், வெட்டுவதற்குச் சபையிடம் பெயரே இல்லை. அப்போது இது பொலிஸ் விஷயம். பதிவில்லாமல் தன்னைக் கால்நடை வைத்தியர் என்று காட்டித் தொழில் செய்வது குற்றம். நீதவான் நீதிமன்றத்துக்குப் போகக்கூடியது. ஊர் அவரை டொக்டர் என்று கூப்பிட்டதா, அவரே அப்படிச் சொல்லிக்கொண்டாரா என்று அங்கே கேட்பார்கள். பற்றுச்சீட்டிலோ பெயர்ப்பலகையிலோ 'டொக்டர்' என்று போட்டிருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள்.

வந்தவர் இன்னொரு வகை ஆளாகவும் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரையும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சினை ஊசி போட வருபவர் அவர்தானே. அவர் அரச உத்தியோகத்தர், கால்நடை வைத்தியர் அல்ல. வந்தவர் அவர்தான் என்றால் முறைப்பாடு மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கும் போகவேண்டும். அன்றைய வருகைப் பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

அயலவர் சொன்ன மிருகவதைச் சட்டத்தை விட்டுவிடுங்கள். 1907 ஆம் ஆண்டுச் சட்டம் அது, அதில் எழுதியிருக்கும் தண்டப்பணம் 100 ரூபாய். இன்றைக்கு அதற்கு எவ்வளவு வைக்கோல் வரும் என்று உங்களுக்கே தெரியும். வைத்தியம் பிழைத்ததற்காக இயற்றப்பட்டதும் அல்ல.

நட்டஈட்டுக்கு வருவோம். கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். இந்த அளவு தொகையென்றால் பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபை. அங்கே இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம். மாட்டின் பெறுமதியை வாயால் சொன்னால் குறைத்துவிடுவார்கள். பால் சங்கப் புத்தகத்தில் கடந்த ஈற்றின் லீற்றர் கணக்கு இருக்குமே, அதைப் பத்திரப்படுத்துங்கள். கடன் எடுத்து வாங்கிய மாடு என்றால் காப்புறுதி இருக்கிறதா என்று வங்கியில் இன்றே கேளுங்கள். அதற்குத் தனிக் காலக்கெடு இருக்கும்.

60,000 ரூபாய்? மாட்டின் விலைக்கு அது காணுமா என்பது உங்கள் கணக்கு. வாங்குவதில் தவறில்லை. உங்கள் நட்டத்தை நீங்கள் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் சபைக்கு முறையிடுவதும் பொலிசுக்குச் சொல்வதும் விற்கிற சாமான் அல்ல. குற்றத்தை மறைக்கக் காசு வாங்கினார் என்ற பழி பிறகு உங்கள் மேல் திரும்பலாம். 'இன்ன திகதியில் இறந்த பசுவின் பெறுமதிக்காக இவ்வளவு பெற்றுக்கொண்டேன்' என்பதற்கு மேல் ஒரு வரியும் எழுதாதீர்கள். அந்த மருந்துப் போத்தல் இன்னும் வீட்டில் இருந்தால் கழுவாமல், லேபிளோடு, ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.