ஆர்எக்ஸ் 100 பிளாக்கில் வீட்டிலேயே போர்ட்டிங் செய்யலாமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணன் ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் உள்ளது. போரிங் போடுவதற்காக (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்று அகலமாக்க) என்ஜினைப் பிரித்திருக்கிறேன். எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை 2 மி.மீ. மேலே உயர்த்தினால் வண்டி பறக்கும் என்கிறார்கள். கைக்கிரைண்டரை வைத்து நானே செய்யலாமா? வண்டி தினமும் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போகும். சில நாள் உரமூட்டையும் ஏற்றுவேன்."

போர்ட்டிங், அதாவது பிளாக்கின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின்) சுவரிலுள்ள வாயு வழிகளைச் சுரண்டிச் சீர்செய்யும் வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் அந்த 2 மி.மீ. உயர்த்தலை மட்டும் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் பயன்பாட்டுக்கு அது நேர் எதிரான வேலை.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டுகளையும் திறந்து மூடும் கதவு பிஸ்டன்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் திறந்து, எரிந்த வாயுவின் அழுத்தம் தணிகிறது. சற்றுப் பின்னர் ட்ரான்ஸ்ஃபர் திறந்து புதுக் கலவை உள்ளே வருகிறது. ஆர்எக்ஸ் 100-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) 50 மி.மீ. இந்த அளவில் எக்ஸாஸ்ட்டின் மேல்விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினால், அந்தப் போர்ட் திறந்திருக்கும் காலம் கிரான்க் சுழற்சியில் ஏறத்தாழ 4.5 டிகிரி கூடும், 2 மி.மீ. என்றால் 9 டிகிரி. அதனால் எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரம் குறைகிறது. பிஸ்டன் மேலேறும்போது போர்ட் தாமதமாக மூடுவதால் கம்ப்ரஷனும் குறைகிறது. சக்தி கிடைக்கும் சுற்று மேலே நகர்ந்துவிடும். கம்பெனி கொடுத்த 11 குதிரைத்திறனே 7500 சுற்றில்தான் கிடைக்கிறது. அதற்கும் மேலே போய்த் தேட வேண்டிய சக்தி, வாய்க்கால் கரையில் மூட்டையோடு இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிறவருக்கு எதற்கு? மேலும், கம்பெனி சைலன்சர் பழைய போர்ட் நேரத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. போர்ட்டை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் ஒத்துப்போகாமல், கீழ்ச்சுற்றில் இழுவை போய், மேல்சுற்றிலும் எதிர்பார்த்தது வராமல் போகும். இப்படி உயர்த்தப்பட்ட பிளாக்குகள் பல என்னிடம் வந்திருக்கின்றன. சுரண்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு நல்ல அசல் பிளாக் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அப்படியானால் செய்யக்கூடியது எது என்று கேட்பீர்கள். முதலில் போர்ட்டுகளின் படத்தை எடுங்கள். பிளாக்கின் உட்சுவரில் வெள்ளைத்தாளைச் சுருட்டி வைத்து, லேசாக எண்ணெய் தொட்ட விரலால் தேய்த்தால் ஒவ்வொரு போர்ட்டின் விளிம்பும் தாளில் பதியும். தாளை விரித்து அகலங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; பிளாக்கின் மேல்முகத்திலிருந்து ஒவ்வொரு போர்ட்டின் மேல்விளிம்பு வரையுள்ள ஆழத்தை வெர்னியரால் நேரடியாக அளப்பது நல்லது. இடது, வலது ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டுகளின் உயரம் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே இந்த உழைப்பு தகும். வார்ப்பில் சில இடங்களில் சிறு வேறுபாடு இருக்கும். ஒரு பக்கம் முந்தித் திறந்தால் கலவை அந்தப் பக்கமே பாய்ந்து, எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். தாழ்ந்திருக்கும் விளிம்பை உயர்ந்த விளிம்புக்குச் சமமாக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பிளாக்கின் அடிப்பக்கத்தில் ட்ரான்ஸ்ஃபர் வழியும் கிரான்க் கேஸின் (பிளாக்குக்குக் கீழுள்ள என்ஜின் கூட்டின்) வாயும் பொருந்துகின்றனவா என்று கேஸ்கட்டை வைத்துப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் படியைக் கார்பைடு பர் (கிரைண்டரில் மாட்டும் சுரண்டு முனை) கொண்டு மெல்லச் சாய்த்துச் சமன் செய்யலாம். வார்ப்புப் பிசிறுகளையும் நீக்குங்கள். கலவை வரும் வழிகளைக் கண்ணாடிபோலப் பளபளப்பாக்க வேண்டாம். 120 எண் எமரித்தாள் விட்டுச்செல்லும் சொரசொரப்பே போதும். எக்ஸாஸ்ட் வழியை மட்டும் நன்றாக வழவழப்பாக்கலாம். கரி ஒட்டுவது குறையும்.

எக்ஸாஸ்ட்டைச் சற்று அகலமாக்குவது நேரத்தை மாற்றாமல் பரப்பைக் கூட்டும் வழி. அதற்கும் எல்லை உண்டு. நடுவில் தடுப்பில்லாத போர்ட்டின் நேர் அகலம் போரின் அளவில் 65 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; 50 மி.மீ. போரில் அது சுமார் 32 மி.மீ. அதற்கு மேல் போனால் பிஸ்டன் ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கி உடையும். மேல்விளிம்பை நேர்க்கோடாக விடாமல் லேசான வளைவாகவே வைத்திருங்கள். ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டை அகலப்படுத்த நினைத்தால் பிஸ்டனில் ரிங் வாயை (ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தை) பிடித்திருக்கும் சிறு பின் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரிங் வாய் போர்ட்டின் மேல் ஓடினால் ஒரே ஓட்டத்தில் என்ஜின் போய்விடும்.

முதல் முறை பர்ரைப் பிடிப்பவர் பழைய இரும்புக் கடையில் உடைந்த பிளாக் ஒன்றை வாங்கிக் கைப்பழக்கம் செய்துகொள்ளட்டும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். போர்ட்டிங்கை முடித்த பிறகே போரிங்குக்கும் ஹோனிங்குக்கும் (உட்சுவரை நுண்ணியதாகத் தேய்த்துச் சீராக்குவதற்கும்) கொடுங்கள். அதன் பின் எல்லாப் போர்ட் விளிம்பையும் அரை மி.மீ. அளவுக்குச் சாய்த்து மழுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கூரான விளிம்பு ரிங்கைச் சீவிவிடும். பிறகு பெட்ரோலில் கழுவியதோடு விடாமல், சுடுநீரும் சோப்புத்தூளும் போட்டுத் தூரிகையால் தேயுங்கள். வெள்ளைத்துணியால் துடைத்தால் கறை வராத நிலை வரும்வரை தேய்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிளாக்கின் உட்பக்க இரும்பு ஸ்லீவ் அரைமணி நேரத்தில் செம்பூத்துவிடும் என்பதால், துடைத்த கையோடு எண்ணெய் பூசிவிடுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் மேல்சுற்று ஆசை தீராவிட்டால், சுரண்டாமல் சோதிக்க வழி இருக்கிறது. பிளாக்கின் அடியில் அரை மி.மீ. கூடுதல் கேஸ்கட் வைத்தால் எல்லாப் போர்ட்டும் அந்த அளவு உயரும். கம்ப்ரஷன் குறைவதை ஈடுகட்ட, வேறொரு ஹெட்டை லேத்தில் அதே அளவு சீவிப் பொருத்த வேண்டும். பிடிக்காவிட்டால் இரண்டையும் கழற்றிப் பழையபடி மாட்டிவிடலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியைக் கம்பெனி அளவுகளிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பிசிறு நீக்கிச் சமன் செய்வதோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்ஜினைப் பூட்டியதும் கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரியதாகப் போட்டுத் தொடங்குங்கள். முதல் 500 கி.மீ. முழுத் திராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொடுக்காமல் ஓட்டுங்கள். அதன் பிறகு, ஆளில்லாத நேரான சாலையில் சிறிது தூரம் முழுத் திராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து என்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த காப்பிக்கொட்டையின் பழுப்பு இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஜெட்டை மாற்றாமல் அந்த வண்டியில் தஞ்சாவூர் வரை போக வேண்டாம்.