இரண்டு நாடி இருப்பது நோயல்ல, அந்த மாத்திரையை முதலில் நிறுத்துங்கள்

உங்கள் சிறுநீரகம் பழுதானதல்ல. தம்பிக்குக் கொடுப்பதற்காக எடுத்த சிடி ஸ்கானில் இடது சிறுநீரகத்துக்கு இரண்டு நாடி (இரத்தத்தைக் கொண்டுபோகிற குழாய்) போவதாக எழுதியிருக்கிறது, அன்றிலிருந்து நித்திரையில்லை என்று உப்புவெளியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நூறு பேரை ஸ்கான் செய்தால் 25, 30 பேருக்கு ஒரு பக்கத்திலாவது இப்படிக் கூடுதல் நாடி இருக்கும். பிறக்கும்போதே வந்த அமைப்பு, வருத்தமல்ல. 'இரண்டு நாடி என்றால் பொருத்திய சிறுநீரகம் நிற்காது' என்று யூடியூப்பில் சொன்னவர் உங்கள் ஸ்கானைப் பார்த்தாரா? தயவுசெய்து அதை இனிப் பார்க்காதீர்கள்.

உண்மையில் நடப்பது இதுதான். வெளியே எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த திரவத்தால் கழுவி ஐஸ் நிரப்பிய பாத்திரத்தில் வைப்பார்கள், இரத்தம் வடிந்து வெளிறிப்போய்க் கிடக்கும். அந்தக் குளிரிலேயே வைத்து, தலைமுடி போல மெல்லிய நூலால் இரண்டு நாடியின் வாயையும் சேர்த்துத் தைத்து ஒரே வாயாக்குவார்கள், காற்சட்டையின் இரண்டு காலும் இடுப்பில் சேர்கிற மாதிரி. சில நேரம் சின்ன நாடியைப் பெரியதின் பக்கத்தில் துளையிட்டுப் பொருத்துவதும் உண்டு. வேலை கொஞ்சம் கூட, நேரமும் கூட. கீழ் நுனிக்குப் போகிற நாடியைத்தான் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் சிறுநீர்க்குழாய்க்கும் அங்கிருந்துதான் இரத்தம் போகிறது, அதைத் தவறவிட்டால் குழாய் கெட்டுச் சிறுநீர் கசியும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் அந்த ஸ்கானே.

அப்போ வலதை எடுக்கலாமே என்று கேட்கிறீர்கள். இடதின் நாளம் (இரத்தத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோகிற குழாய்) நீளமானது, தைக்கத் தோதானது, அதனால் இரண்டு நாடி இருந்தும் இடதையே எடுப்பது சாதாரணம். இரண்டில் ஒன்று நல்லதாக இருந்தால் அது உங்களிடமே இருக்கும், அந்த விதியை யாரும் மீறமாட்டார்கள். காலையில் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள், அது பெரும்பாலும் இந்த வெயிலில் தண்ணீர் போதாமல்தான், விடுங்கள்.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ சின்ன விஷயம் மாதிரி, முழங்கால் வலிக்கு ஒரு வருசமாகப் பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடுவதாகவும், போன கிழமை பிரஷர் 148/94 இருந்ததாகவும், விலக்கிவிடுவார்கள் என்று பயந்து கிளினிக்கில் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் இதில்தான். அந்த மாத்திரை பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஒரு சிறுநீரகத்தோடு வாழப்போகிற ஒருவர் டொக்டரைக் கேட்காமல் அதைப் போடக்கூடாது, ஒரு நாள்கூட. இன்றைக்கே நிறுத்துங்கள், வலி தாங்காவிட்டால் அளவாகப் பனடோல் போடுங்கள், முழங்காலைத் தனியாகக் காட்டுங்கள்.

ஒரு தடவை பார்த்த பிரஷரை வைத்து யாரும் உங்களை விலக்கமாட்டார்கள். பல நாள் பார்ப்பார்கள், 24 மணித்தியாலம் கையில் கருவி கட்டியும் பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிப்பார்கள். ஒரு மாத்திரையில் பிரஷர் வடிவாகக் கட்டுப்பட்டால் சில இடங்களில் ஏற்றுக்கொள்வதும் உண்டு. மறைத்துக் கொடுத்தால்தான், நாளைக்கு டயலிசிஸ் கட்டிலில் தம்பிக்குப் பதிலாக நீங்கள் கிடக்க வேண்டிவரலாம். ஒழுங்காக டயலிசிஸ் நடக்கிற தம்பி சில கிழமை பொறுப்பார். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள், அந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.