சொந்தக் கதையை மேடையில் தனியாகச் சொல்வது எப்படி?

கேள்வி: காசிமேட்டில் வளர்ந்தவள் நான், வயது 27. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறார். எங்கள் வாழ்க்கையை ஒருமணி நேரத் தனிநபர் நாடகமாக எழுதினேன். மனப்பாடம் பண்ணிப் பேசினால் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி இருக்கிறது. வீட்டு விஷயத்தை வெளியில் சொல்வதும் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எழுதியதைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். மனப்பாடம்தான் உங்கள் குரலை மாற்றுகிறது.

இந்தக் கலையில் பெரிய பெயர் அமெரிக்காவின் ஸ்பால்டிங் கிரே (1941–2004). நியூயார்க்கில் வூஸ்டர் குரூப் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1979 முதல் தனியாக உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். ஒரு மேசை, ஒரு டம்ளர் தண்ணீர், மைக், நோட்டு. நோட்டில் வசனம் கிடையாது, குறிப்புகள்தான். பேசியதைப் பதிவு செய்து கேட்பார், அடுத்த முறை மாற்றிச் சொல்வார். ஒரு படத்தில் சின்ன வேடத்துக்காகத் தாய்லாந்து போய்வந்த அனுபவத்தை இப்படிப் பேசிப் பேசியே வளர்த்தார். அது 1987-இல் ஜோனதன் டெம்மி இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது.

நீங்கள் முழு வாழ்க்கையையும் எடுக்க வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தை மட்டும் எடுங்கள். ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகளைக் கட்டிவிடுவார்கள். உங்கள் சின்ன வயதில் 45 நாள், இப்போது 61. பகலெல்லாம் அப்பா வீட்டில். எங்கே உட்கார்ந்திருப்பார்? செலவுக்குப் பணம் யார் கையில்? ஃபைபர் படகில் வரும் கொஞ்ச மீனுக்கு அம்மா யாரோடு மல்லுக்கு நின்றார்? 'அன்னக்கூடை', 'ஐஸ் கடன்', 'வலை' என்று நாலைந்து சொற்களை மட்டும் தாளில் எழுதி, தோழி ஒருத்தியிடம் சொல்லுங்கள். போனில் பதிவாகட்டும். அவர் கவனம் எங்கே சிதறுகிறதோ அந்த இடத்தை வெட்டுங்கள்.

வீட்டுப் பேச்சை மேடைக்காகத் திருத்தாதீர்கள். வடசென்னைத் தமிழைச் சிரிப்புக்கென்றே காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். உங்கள் வீட்டில் அழுததும் கடன் கணக்குப் பார்த்ததும் அந்தத் தமிழில்தானே? திருநங்கை எழுத்தாளர் ஏ. ரேவதி தன் வாழ்க்கையையே 'வெள்ளை மொழி' என்று தனிநபர் நாடகமாக நடித்திருக்கிறார். வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

உறுத்தலுக்கு வருகிறேன். அம்மாவிடம் முதலில் சொல்லிக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்கிற பகுதியை எடுத்துவிடுங்கள், கதைக்கு எவ்வளவு உயிரான இடமாக இருந்தாலும் சரி. நாளைக்கும் அதே தெருவில் கூடையோடு போகப்போகிறவர் அவர்.

இன்னொன்று. கிரே தன் தாயின் தற்கொலையை மேடையில் பல முறை பேசியவர். 2001-இல் அயர்லாந்தில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்விலிருந்து அந்தப் பேச்சு அவரை மீட்கவில்லை. சொல்லும்போது மூச்சடைக்கிற நினைவு ஏதாவது இருந்தால், முதலில் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். மேடை காத்திருக்கும்.

முதல் முறைக்கு அரங்கம் தேட வேண்டாம். தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி, பதினைந்து பேர், இருபது நிமிடம் போதும். குறிப்புத் தாளைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஒளிக்க வேண்டியதில்லை.